டவர் விசாரணை

நளீம் ஹாஜியாருக்கு வீடுகள் நெருங்கி நின்ற அந்த ஒழுங்கையில் சொந்தமென்று இருந்தது ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு வாயும்தான். மோட்டார் சைக்கிள் வாரத்தில் மூன்று நாள் ஓடாது. வாய்க்கு அந்தக் கோளாறு கிடையாது. இது ஊராரின் பேச்சல்ல, அவருடைய மனைவி முனவ்வறாவின் அபிப்பிராயம். வெளியில் ஒருவரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை. புருஷனை நாலு பேர் முன்னால் இறக்கிப் பேசுகிற குடும்பத்தில் அவள் பிறக்கவில்லை.

அவர்கள் இருந்த வீடு முனவ்வறாவின் உம்மா அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. இதில் நளீம் தனியாக வெட்கப்பட ஒன்றுமில்லை. கல்முனைக்குடியில் அநேகமாக எல்லா ஆண்களும் அப்படித்தான். நிக்காஹ் முடிந்ததும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார்கள். சில நாள் மாப்பிள்ளை என்ற பெயரில் கோழியும் முட்டையும் தின்பார்கள். பிறகு அதே வாசலில் நின்று, போகிறவன் வருகிறவனிடம் "என்ட வீட்டுல" என்று கதைக்கத் தொடங்குவார்கள். நளீமுக்கு அந்த வார்த்தை வாயில் வர ஒன்பது நாள் பிடித்தது. முனவ்வறா எண்ணி வைத்திருந்தாள்.

அன்றிலிருந்து முப்பது வருடத்தில் நளீம் செய்யாத வியாபாரம் இல்லை. கோழிப்பண்ணை வைத்தார், கோழிகள் நோய் வந்து மௌத்தாகின. ஒலுவிலில் ஐஸ் கம்பனி என்றார், ஐஸ் உருகியது. பாலமுனையில் ஒரு கூட்டாளியோடு இறால் வளர்க்கப் போய், கூட்டாளி மட்டும் வளர்ந்தார். ஒவ்வொரு தடவையும் முனவ்வறாவின் உம்மா கொடுத்த வயலில் ஒரு துண்டு கழிந்துகொண்டே வந்தது. கடைசித் துண்டை விற்றுத்தான் ஹஜ்ஜுக்குப் போனார். போகும்போது வெறும் நளீம். வரும்போது நளீம் ஹாஜியார். ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டு வந்தார், கூடவே பழைய குரலைவிடக் கனமான ஒரு குரலும் கொண்டு வந்தார்.

வயல் போய் மிஞ்சியது இரண்டு. ஒன்று, இருக்கும் வீடு. அதை மூத்த மகள் ஹுஸ்னியாவுக்கு நிக்காஹ்வோடு எழுதியாகிவிட்டது. அவள் கணவனோடு கட்டாரில் இருந்ததால் உம்மாவும் வாப்பாவும் அங்கேயே இருந்தார்கள். மற்றது, வீட்டுக்குப் பின்னாலிருந்த, பத்துப் பேர்ச் நிலம் கொண்ட வளவு. எட்டுத் தென்னை, ஒரு கிணறு, அத்திவாரத்துக்கென்று இறக்கிய ஒரு லோட் கருங்கல். இளைய மகள் சுஹறாவுக்கு வீடு எழும்ப வேண்டிய இடம் அது. அதை முனவ்வறா யாருக்கும் விடுவதாக இல்லை. வீடில்லாத பெண்ணை அந்த ஊரில் எவன் வந்து கேட்பான் என்பது அவளுக்குத் தெரியும்.

சுஹறாவைக் கேட்டும் வந்திருந்தார்கள். அதே ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருந்த அப்துல் ஸமட் ஹாஜியாரின் மகன் நிஸாம். பையன் வங்கியில் வேலை. ஸமட் ஹாஜியாருக்குக் கல்முனை பஸாரில் ஹாட்வெயார் கடை. வீடு கட்டி முடிந்ததும் நிக்காஹ் என்று பேச்சு. இரண்டு அறையில் மலசலகூடம் இணைத்திருக்க வேண்டும், முன்பக்கம் கார் நிற்க இடம் வேண்டும், நிலத்துக்கு டைல்ஸ் போட வேண்டும் என்றார்கள். சீமெந்தும் கம்பியும் ஸமட் ஹாஜியாரின் கடையிலேயே எடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். தன் மகனுக்கு வீடு கட்டுவதற்குத் தானே சாமான் விற்கிற மனிதனை முனவ்வறா அன்றுதான் முதலில் பார்த்தாள். ஆனாலும் சரி என்றாள். வேறு என்ன சொல்வது?

இந்த நிலையில்தான் நளீம் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, மஞ்சள் தொப்பி போட்ட ஒருவரைக் கூட்டிக்கொண்டு வளவுக்குள் நுழைந்தார். காரைதீவைச் சேர்ந்த கிசோக், போன் கம்பனி ஒன்றுக்காக டவர் போட இடம் தேடுகிறவர். கல்முனை ஹோட்டல் ஒன்றில் தேத்தண்ணி குடிக்கும்போது இருவருக்கும் பழக்கமாம். மூன்று மாதமாக அந்தப் பக்கத்தில் இடம் தேடி அலுத்தவரிடம், "என்ட வளவு இரிக்கி, வந்து பாருங்க தம்பி" என்று நளீம் சொல்லியிருக்கிறார். முனவ்வறா குசினி ஜன்னலால் பார்த்தாள். நளீம் ஒவ்வொரு தென்னையாகத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார், தானே வைத்த மரங்களைப் போல.

"இது நாலும் வெட்டலாம். அந்தக் கல்லு ஒண்டும் பிரச்சினையில்ல, அப்புறப்படுத்திருவம்" என்றார் நளீம்.

"நானா, காணி உறுதி யார்ர பேரில இருக்கு?" என்று கிசோக் கேட்டார்.

"எல்லாம் நம்மட பேருலதான் தம்பி."

முனவ்வறா இரண்டு பிளேன்டீ ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கிசோக் எழுந்து நின்று வாங்கினார். டவர் எத்தனை அடி என்று கேட்டாள். நூற்றுமுப்பது என்றார் அவர். எவ்வளவு இடம் எடுக்கும் என்று கேட்டாள். வேலியோடு சேர்த்து ஏறக்குறைய வளவு முழுவதும் என்றார். நல்லது தம்பி, குடியுங்க, ஆறப்போகுது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். அந்நியர் போகும்வரை பொறுப்பது அவளுக்குப் பழக்கம்.

போன பிறகு கேட்டாள்.

"அது சுஹறாட வளவெண்டு தெரியாதா உங்களுக்கு?"

"மாசா மாசம் வாடக வரும்கா. அத வெச்சு வேற எடத்துல கட்டிக் குடுப்பம்."

"எந்த எடத்துல? உங்கட உம்மாட வளவுலயா?"

நளீமின் உம்மாவின் வளவு அவருடைய இரண்டு தங்கைகளுக்குப் போய் இருபத்தைந்து வருடமாகிறது. அவர் எழுந்து, வெளியே போய், மோட்டார் சைக்கிளை உதைத்தார். அது கிளம்பவில்லை. நடந்தே போனார். அன்று பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுவதும் 'நளீம் ஹாஜியார்ர டவர்' என்று பேச்சாகிவிட்டது. அவருக்கு வேண்டியதும் அந்தப் பேச்சுத்தான். நூற்றுமுப்பது அடி உயரத்தில் தன் பெயர் நிற்பதை அவர் ஏற்கெனவே அண்ணாந்து பார்க்கத் தொடங்கியிருந்தார்.

செய்தி ஸமட் ஹாஜியாருக்குப் போனது. அவர் நேரில் வந்து, என் மகன் இருக்கப்போகிற வளவை எப்படி நீங்கள் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தால் முனவ்வறா அவருக்கு ஒரு கதிரையாவது போட்டிருப்பாள். அவர் அப்படிக் கேட்கவில்லை. டவர் வேண்டாம் என்று அரசாங்க அலுவலகத்துக்கு ஒரு மகஜர் எழுதினார். டவரிலிருந்து வரும் கதிர்களால் மூளைக்குக் கேடு, கர்ப்பிணிகளுக்குக் கேடு, தென்னையில் குரும்பை உதிரும், சிட்டுக்குருவிகள் அழிந்துபோகும் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தது. ஸமட் ஹாஜியார் தன் வாழ்நாளில் ஒரு குருவியை நிமிர்ந்து பார்த்தவர் அல்ல. அவருடைய கடைக் கூரைக்குள் கூடு கட்டிய குருவிகளைத் தும்புத்தடியால் கலைத்ததை முனவ்வறாவே கண்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும் வழியில் மகஜருக்குக் கையெழுத்து வாங்கினார்கள். அந்த ஒழுங்கையின் இருபத்தைந்து வீட்டு ஆண்கள் வைத்தார்கள். இதைக் கேள்விப்பட்ட நளீம் சும்மா இருப்பாரா? ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வீட்டுக்கு அழைத்தார். வட்டிலப்பம் செய்யச் சொன்னார். முனவ்வறா செய்தாள், சர்க்கரையைக் குறைத்துச் செய்தாள். டவருக்கு ஆட்சேபனை இல்லை என்று நளீம் ஒரு கடிதம் தயாரித்து வைத்திருந்தார். அதிலும் இருபத்தைந்து பேர் வைத்தார்கள். அதே இருபத்தைந்து பேர்.

துணிக்கடை ஸஹீத் கையெழுத்து வைத்துவிட்டு, "ஸமட் ஹாஜியார்ர முகத்த முறிக்க ஏலாதுதானே, அதுதான் நான் அதுலயும் வெச்ச" என்று சொல்லிக்கொண்டு இரண்டாவது துண்டு வட்டிலப்பத்தை எடுத்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர் அச்சிமுகம்மது இன்னும் ஒரு படி மேல். இரண்டு கடிதத்திலும் ஒரே மாதிரி, பெயருக்குக் கீழே இரண்டு கோடு இழுத்து, திகதியும் போட்டு வைத்திருந்தார். ஒழுங்கானவர். முனவ்வறா குசினியில் நின்று இதையெல்லாம் கேட்டாள். இவர்களுக்குத் தட்டுக் கழுவுவதுதான் தன் தலையெழுத்து என்று நினைத்தாள். கழுவவும் செய்தாள்.

இரண்டு கடிதமும் போன அந்த அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. டவர் வரும் இடத்திலிருந்து ஐம்பது மீட்டருக்குள் உள்ள காணிச் சொந்தக்காரர்கள் எல்லோரும் உறுதியோடு சமூகமளிக்க வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அந்த ஒழுங்கையில் படித்த ஆண்களுக்குக் குறைவில்லை. பள்ளிக்கூட அதிபர் இருந்தார், தபாலதிபர் இருந்தார், வங்கிக்காரன் இருந்தான். எல்லோரும் கடிதத்தை வாசித்தார்கள். காணிச் சொந்தக்காரர் என்ற இடம் வந்ததும் ஒவ்வொருவரும் தன்னைத்தான் கூப்பிட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, வெள்ளைச் சேட்டுக்கு அயன் போடச் சொல்லி அவரவர் மனைவியிடம் கொடுத்தார்கள்.

விசாரணைக்கு முதல் நாள் நளீம் அலுமாரியைக் குடைந்துகொண்டிருந்தார்.

"உறுதி எங்ககா?"

"நான் கொண்டு வாறன். நீங்க முன்னுக்குப் போங்க."

"நீ என்னத்துக்கு அங்க?"

"உறுதி கொண்டு வரத்தான்."

நளீம் மேலே கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு.

உறுதியின் சங்கதி வேறு. நாலு வருடத்துக்கு முன் நளீம் ஹஜ்ஜுக்குப் போயிருந்த அந்த நாற்பது நாளில், முனவ்வறா சுஹறாவைக் கூட்டிக்கொண்டு நொத்தாரிசிடம் போய், பின்வளவை மகளுக்கு நன்கொடையாக எழுதிவிட்டாள். மனிதர் திரும்பி வந்ததும் அடுத்து விற்க அந்தப் பத்துப் பேர்ச்தான் மிஞ்சியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். உம்மா காட்டிய இடத்தில் சுஹறா கையெழுத்து வைத்தாள். அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. இந்த விஷயத்தை நளீமுக்குச் சொல்லவேண்டிய தேவை முனவ்வறாவுக்கு நாலு வருடத்தில் ஒரு நாளும் வரவில்லை. நினைக்கும்போதெல்லாம் ஒரு சந்தோஷம் மட்டும் வந்தது.

விசாரணைக்கு முதல் நாளான அன்றைக்கு சுஹறா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முனவ்வறா அவளைக் கூப்பிட்டு இருத்தினாள். சுஹறா பாலமுனையில் இங்கிலீஷ் படிப்பிக்கிற டீச்சர், தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள், அதிகம் பேசாத பெண்.

"நாளைக்கு ஒரு நாள் லீவு போடு மகள். அங்க ஒன்னக் கேப்பாங்க. விருப்பமில்ல எண்டு சொல்லு. வேற ஒண்டும் கதைக்கத் தேவயில்ல."

"நான் என்ன சொல்லணும் எண்டு நீங்க முடிவெடுத்திட்டீங்க."

"ஒனக்கு வீடு வேணுமெண்டா அததான் சொல்லணும்."

சுஹறா பையைத் திறந்து கொப்பிகளை எடுத்துத் திருத்தத் தொடங்கினாள். முனவ்வறா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் பத்து மணிக்கு விசாரணை மண்டபம் நிரம்பியிருந்தது. விசாரணை அதிகாரி பாண்டிருப்பைச் சேர்ந்த மேனுஜா, முப்பத்தைந்து வயதிருக்கும், கண்ணாடி போட்டவர், சத்தமில்லாமல் பேசுகிறவர். முனவ்வறாவும் சுஹறாவும் கடைசி வரிசையில் இருந்தார்கள். அவர்களைத் தவிர அந்த மண்டபத்தில் ஒழுங்கைப் பெண்கள் ஒருவரும் இல்லை. வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

மேனுஜா இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"ஆட்சேபனைக் கடிதத்தில உள்ள இருபத்தைஞ்சு பேரும் சம்மதக் கடிதத்திலயும் இருக்கீங்க. நான் எத எடுக்கிற?"

ஸஹீத் கூரையைப் பார்த்தார். அச்சிமுகம்மது தன் இரண்டு கையெழுத்தும் ஒத்திருப்பது பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, பக்கத்திலிருந்தவர் இடித்ததால் நிறுத்தினார்.

"சரி, அது கிடக்கட்டும். காணிச் சொந்தக்காரர் மட்டும் உறுதியோட முன்னுக்கு வாங்க."

எல்லோரும் ஒன்றாக எழுந்து முன்னுக்குப் போனார்கள். கையில் உறுதி ஒன்றும் இல்லை. கதிரைகள் வெறுமையாகிவிட்டன, பின்னால் இரண்டு பெண்களும் ஒரு மூலையில் கிசோக்கும் மிச்சம்.

"உங்கட உறுதி?" என்று ஸஹீதைக் கேட்டார் மேனுஜா.

"வீட்டுல இரிக்கி மிஸ்."

"யார்ர பேரில?"

"பொஞ்சாதிட பேரில."

"ஐயாட?"

"எங்கட வீடு மகள்ட பேருல" என்றார் அச்சிமுகம்மது. "முந்தி பொஞ்சாதிட பேருல இரிந்த."

"அதுக்கு முந்தி?"

"மாமிட பேருல."

அடுத்தவருக்கும் மனைவி. அதற்கடுத்தவருக்கும் மனைவி. ஒருவருக்கு மனைவியின் தங்கை. மேனுஜா பத்துப் பேர் வரை கேட்டார். பிறகு பேனையை மேசையில் வைத்தார்.

"அப்ப இங்க வந்திருக்கிற ஒருத்தருக்கும் அம்பது மீட்டருக்குள்ள காணி இல்லையா?"

இத்தனை ஆண்கள், அயன் போட்ட சேட்டுகள், அத்தர் வாசம், ஒரு சாண் நிலம் இல்லை. முனவ்வறாவுக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இவ்வளவு காலமும் தனக்கு வாய்த்தது மட்டும்தான் இப்படி என்று ஒரு சின்ன மனக்குறை அவளுக்கு இருந்தது. அது அன்று தீர்ந்தது.

"குறை நினைக்காதீங்க" என்றார் மேனுஜா. "எங்கட பாண்டிருப்பிலயும் இதே கூத்துத்தான். எங்கட அப்பாவும் இப்பிடித்தான் கூட்டங்களுக்குப் போவார். பதினாலு நாள் தாறன். வீட்டில உள்ள பொம்பிளையள வரச் சொல்லுங்க, இல்லாட்டி அவங்கட கையெழுத்தோட கடிதம் தாங்க. இப்ப டவர் வாற காணிய மட்டும் பாப்பம். அது யார்ர?"

"அது என்ட" என்று நளீம் ஒரு அடி முன்னால் வந்தார். அவ்வளவு நடந்த பிறகும் வந்தார். "உறுதி பொஞ்சாதிட கையில இரிக்கி."

முனவ்வறா எழுந்து போய் உறுதியைக் கொடுத்தாள். மேனுஜா வாசித்தார். இரண்டாம் பக்கம் புரட்டினார். திரும்ப முதலாம் பக்கத்துக்கு வந்தார்.

"நானா, இது உங்கட பேரிலயும் இல்ல, உங்கட மனைவிட பேரிலயும் இல்ல. நாலு வருசத்துக்கு முந்தி மகள் சுஹறாவுக்கு எழுதியிருக்கு."

நளீம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"எப்ப எழுதின?"

"நீங்க மக்காவுல இரிக்கக்குள்ள" என்றாள் முனவ்வறா.

அந்த ஒரு வரியைச் சொல்வதற்காக அவள் நாலு வருடம் காத்திருந்தாள். சொன்னபோது மண்டபத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நளீமின் முகம் சுருங்கி, அவர் பின்னால் நகர்ந்து ஒரு கதிரையின் பிடியைப் பிடித்துக்கொண்டார். அவளுக்கு அது நன்றாகவே இருந்தது. பொய் சொல்வானேன், மிகவும் நன்றாக இருந்தது.

ஸமட் ஹாஜியாருக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப அது எங்கட மகன்ட வளவு மிஸ். எங்களுக்கு விருப்பமில்ல. அப்பிடியே எழுதுங்க."

"உங்கட மகன்ட எண்டா?"

"நிஸாமுக்குத்தான் இந்தப் புள்ளயப் பேசியிரிக்கி. வீடு முடிஞ்சதும் நிக்காஹ்."

"நிக்காஹ் முடிஞ்சாலும் உறுதியில உங்கட மகன்ட பேர் வராதே ஐயா" என்றார் மேனுஜா. "தங்கச்சி, நீங்க முன்னுக்கு வாங்க. உங்கட காணி. உங்கட விருப்பம் என்ன?"

சுஹறா எழுந்து போனாள். முனவ்வறா மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இனி ஒரு சொல்தான் பாக்கி. விருப்பமில்லை என்று பிள்ளை சொல்லிவிட்டால், கருங்கல்லை இந்த மாதமே அத்திவாரத்துக்குள் இறக்கிவிடலாம். ஹுஸ்னியா கட்டாரிலிருந்து வந்து வீட்டைக் கேட்கும் நாளில் தானும் சுஹறாவோடு போய் இருந்துகொள்ளலாம்.

சுஹறா கிசோக்கின் பக்கம் திரும்பினாள்.

"எத்தின வருசத்துக்கு எடுப்பீங்க?"

"பத்து வருசம் மிஸ். பொறகு உங்களுக்கு விருப்பமெண்டா இன்னும் பத்து."

"டவர் நிக்கக்குள்ள அந்த வளவுல வீடு கட்ட ஏலுமா?"

"ஏலாது. சுத்தி வேலி அடிச்சிருவம். மிஞ்சுற இடத்தில ஒரு குசினி கூடக் கட்ட வராது."

முனவ்வறாவுக்கு இந்தக் கேள்விகள் பிடித்திருந்தன. பிள்ளை எல்லோருக்கும் விளங்கும்படி காரணம் காட்டி மறுக்கப் போகிறாள், படித்த பிள்ளை. சுஹறா அதோடு நிற்கவில்லை. அவள் பார்வை ஆண்களின் கூட்டத்துக்குள் தேடி, ஓரத்தில் சுவரோடு நின்ற நிஸாமில் போய் நின்றது.

"நிஸாம், அந்த வளவுல வீடு வராது எண்டா நீங்க என்ன சொல்லுறீங்க?"

நாலு பேர் முன்னால், கட்டப்போகிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு பெண் இப்படிக் கேட்டு அங்கே ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. எல்லாத் தலையும் நிஸாமின் பக்கம் திரும்பியது. முப்பது வயது, வங்கியில் வேலை, நல்ல உயரம். அவன் வாப்பாவைப் பார்த்தான். ஸமட் ஹாஜியார் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அத வாப்பாட்டத்தான் கேக்கணும்" என்றான் நிஸாம்.

சுஹறா கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு ஏதாவது சொல்வான் என்று இடம் கொடுத்ததுபோல் இருந்தது. அவன் மறுபடியும் வாப்பாவைப் பார்த்தான். அவள் மேசைப் பக்கம் திரும்பினாள்.

"எனக்குச் சம்மதம் மிஸ். டவர் போடட்டும். எதுல சைன் வெக்கணும்?"

பிறகு மண்டபத்தில் எழுந்த இரைச்சலில் யார் என்ன சொன்னார்கள் என்று முனவ்வறாவுக்குச் சரியாக நினைவில்லை. ஸமட் ஹாஜியார் குருவிகளைப் பற்றி ஏதோ கத்தினார். பக்கத்துக் காணிக்காரர்களின் பதில் வந்த பிறகுதான் முடிவு என்று மேனுஜா திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் காட்டிய இடத்தில் சுஹறா கையெழுத்து வைத்தாள். இந்தத் தடவை காட்டியது உம்மா அல்ல.

வெளியே வந்து வாகை மரத்தடியில் நின்றபோதுதான் முனவ்வறாவுக்குப் பேச வந்தது.

"என்ன வேலைகா பாத்த நீ? ஒரு சொல்லு எனக்குச் சொன்னயா?"

"நீங்க ஒரு சொல்லு கேட்டீங்களா உம்மா?"

"அந்த வளவக் காப்பாத்த நான் பட்ட பாடு ஒனக்குத் தெரியுமா? ஒன்ட வாப்பாட்டக் கூட நான் ஒளிச்சு வெச்ச. இனி ஒன்னய யாரு வந்து கேப்பாங்க? அந்த நிஸாம் ஒரு சொத்தப் பயல்தான். ஆனா அதுக்காக வீட்டையும் விடுறதா?"

"பாத்தீங்களா? இன்னும் நிக்காஹ் கூட ஆகல்ல. அதுக்குள்ள அவர உங்களுக்குச் சொத்தப் பயல்."

"நீயும்தானே பாத்த. வாப்பாட்டக் கேக்கணும் எண்டான்."

"ஓம், நானும் பாத்த. அது எனக்கும் தெரிஞ்சுதான் கேட்ட." சுஹறாவின் குரல் உயரவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் விளங்கப்படுத்தும் குரல் அது. "அவர அந்த வளவுல கொண்டு வந்து வெச்சா என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும் உம்மா. வாப்பா வாசல்ல செருப்பக் கழட்டக்குள்ள நீங்க பாக்கிற பார்வ எனக்குத் தெரியும். சோத்துல அவர் கைய வெக்கக்குள்ள பாக்கிற பார்வையும் தெரியும். ஒண்டும் சொல்ல மாட்டீங்க. இன்னொரு அகப்ப சோறும் போடுவீங்க. இந்தச் சோறு யார்ர எண்டு அதுல இரிக்கும். வாப்பா அதத் திண்டுக்கிட்டு வெளிய போய்ப் பெரிய கத கதைப்பாரு. அவர் அப்பிடிக் கதைக்கிறதால நீங்க அப்பிடிப் பாக்கிறீங்களா, நீங்க பாக்கிறதால அவர் அப்பிடிக் கதைக்கிறாரா எண்டு எனக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியா. ஆனா நானும் ஒருத்தர அப்பிடிப் பாத்துக்கிட்டு முப்பது வருசம் இரிக்க மாட்டன்."

முனவ்வறா வாயைத் திறந்தாள். எந்தக் காலத்திலும் எவருக்கும் அவளிடம் பதில் இல்லாமல் போனதில்லை. நளீமுக்கு, ஸமட் ஹாஜியாருக்கு, அந்த இருபத்தைந்து கையெழுத்துக்காரர்களுக்கு, எல்லோருக்கும் அவளிடம் ஒவ்வொரு பேச்சு தயாராக இருந்தது. மகளுக்கு ஒன்றும் இல்லை. அவமானமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது, ஆனால் யார்மேல் என்று பிடிபடவில்லை.

"எனக்குக் கடைசிப் பாடம் இரிக்கி, அரை நாள் லீவுதான் போட்ட" என்று சொல்லிவிட்டு சுஹறா பஸ் நிலையத்தை நோக்கி நடந்தாள்.

மண்டபத்திலிருந்து ஆண்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். எல்லோருக்கும் பின்னால் நளீம் வந்தார். அவளைக் கண்டதும் நின்றார். முப்பது அடி தூரம் இருக்கும். கிட்ட வரவில்லை, போகவும் இல்லை. ஒரு கையால் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வரலாமா கூடாதா என்று அவளே சொல்லட்டும் என்பதுபோல நின்றார். மகள் போனது பற்றி அவரிடம் ஒரு கேள்வியும் இல்லை, டவர் கிடைத்த சந்தோஷமும் முகத்தில் இல்லை. இந்த மனிதர் எத்தனை வருடமாக இப்படித் தூரத்தில் நின்று உத்தரவு பார்க்கிறார் என்று முனவ்வறா யோசித்தாள். ஒன்பதாவது நாளை எண்ணி வைத்தவளுக்கு இது எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை.

த்ரீவீல் ஒன்றை மறித்து ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் விட்டாள். அவரைப் பார்த்து, மெதுவாக, நல்லபடியாக ஒரு சொல் கூப்பிட வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தாள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஏறுங்களே."

வாயிலிருந்து வந்தது பழைய குரல்தான். நளீம் ஓடி வந்து ஏறினார், அவள் பக்கத்தில் அல்ல, முன்னால் சாரதியோடு ஒட்டிக்கொண்டு.